ரோட்ஸ் பழைய நகரத்தைக் கார் இல்லாமல் நடந்தே பார்க்கலாமா?

ஊர்சுற்றி வள்ளி:
வணக்கம். அக்டோபர் கடைசி வாரம் அம்மாவும் நானும் கிரீஸ் போகிறோம். ஏதென்ஸ் முடித்துவிட்டு விமானத்தில் ரோட்ஸ். டிக்கெட் எடுத்தாச்சு, தங்குமிடம் மட்டும் பாக்கி. எனக்குக் கார் ஓட்ட வராது, அம்மாவுக்கு மலைப்பாதையில் கார் என்றாலே தலைசுற்றும். ஆனால் இரண்டு பேருக்கும் நடக்கப் பிடிக்கும். அம்மா ஊரில் தினமும் விடியற்காலையில் நடக்கிறவர், சமதளமாக இருந்தால் என்னைவிட வேகம், ஏற்றமும் படியும் தொடர்ந்து வந்தால்தான் முழங்கால் மக்கர் பண்ணும்.

எங்கே தேடினாலும் "கார் எடுங்கள், தீவைச் சுற்றுங்கள், பழைய நகரத்துக்கு அரை நாள் போதும்" என்றுதான் எழுதியிருக்கிறார்கள். நிஜமாகவே அரை நாள் ஊரா அது? பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுத்து, அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் இருப்பதை மட்டும் நிதானமாகப் பார்த்தால் போதுமா, இல்லை இவ்வளவு தூரம் போய் ஏமாந்த கதையாகுமா? போய் வந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

நிழல்தேடி:
அரை நாள் என்று சொல்கிறவர்கள் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. கோட்டைக்குள் நுழைந்தால் சாக்ரடீஸ் தெரு என்று ஒன்று வரும், நெடுக தோல் பை, ஃபிரிட்ஜில் ஒட்டும் பொம்மை, கடைக்குக் கடை அதே ஆலிவ் சோப்பு. அதைத் தாண்டி மேலே போனால் பெரிய அரண்மனை, எல்லோரும் அண்ணாந்து படம் எடுப்பார்கள். அது இடைக்காலத்து அரண்மனையே இல்லை! 1856-இல் வெடிமருந்து வெடித்துச் சிதைந்துபோன இடம், 1937 முதல் 1940 வரை இத்தாலிக்காரர்கள் தங்கள் மனம்போல எழுப்பியது. உள்ளே தரையில் பதித்திருக்கிற மொசைக்கில் பல, கோஸ் தீவிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்தவை. வாசலில் முசோலினி பெயரோடு பலகைக் கல் வேறு. சொகுசுக் கப்பல் வந்து நிற்கிற நாளென்றால் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது.

நானாக இருந்தால் லிண்டோஸில் தங்குவேன். சின்ன ஊர், உள்ளே வண்டி கிடையாது, கடல் பக்கத்திலேயே.

கல்வெட்டுக்கிறுக்கன்:
நிழல்தேடி சொன்ன அரண்மனை விவரம் எல்லாம் சரி. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஊரையே போலி என்று தள்ளுவதுதான் எனக்குப் புரியவில்லை. அரண்மனை ஊரின் ஒரு மூலை. பக்கத்தில் இருந்த புனித யோவான் தேவாலயத்தின் அடியில் மறந்துபோன வெடிமருந்து இருந்தது, மின்னல் விழுந்தது, தேவாலயம் அடியோடு போனது, அரண்மனையும் பாதி போனது. அதைத் திரும்பக் கட்டிய கதையும் அந்த ஊரின் கதைதான்.

வள்ளி, நீங்கள் நடக்கப் போகிறவர் என்பதால் ஒன்று சொல்கிறேன், இது காரில் போகிறவர்களுக்குப் பிடிபடாது. ரோட்ஸ் நகரம் கி.மு. 408-இல் புதிதாகத் திட்டம்போட்டுக் கட்டியது. அதற்குமுன் தீவில் லிண்டோஸ், இயாலிசோஸ், கமிரோஸ் என்று மூன்று தனித்தனி நகரங்கள். மூன்றும் சேர்ந்து வடமுனையில் பொதுவாக ஒரு தலைநகரம் எழுப்பின, தெருக்களை நேர்க்கோட்டில், ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும்படி போட்டார்கள். மிலேட்டஸ் ஊர் ஹிப்போடாமஸின் முறை என்பார்கள். அப்புறம் ரோமர், பைசாந்தியர், அப்புறம் 1309-இல் வந்த புனித யோவான் சபையின் நைட்டுகள் (துறவு விரதம் எடுத்த கிறிஸ்தவப் போர்வீரர்கள்), 1522-க்குப் பிறகு துருக்கியர், 1912-இல் இத்தாலியர், கடைசியில் 1947-இல் கிரீஸ். இத்தனை பேர் வந்தும் சில தெருக்கள் பழைய நேர்க்கோட்டிலிருந்து நகரவே இல்லை.

அதற்குச் சரியான உதாரணம் இப்போட்டோன் தெரு, நைட்டுகள் தெரு என்று எல்லோரும் சொல்வது. அரண்மனையிலிருந்து துறைமுகப் பக்கம் வளையாமல் நெளியாமல் இறங்கும். மற்ற சந்துகள் எல்லாம் கோணல்மாணலாக இருக்கும்போது இது மட்டும் ஏன் இவ்வளவு நேர் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். பழைய கிரேக்கத் தெரு ஒன்றின் மேலேயே இது போகிறது, அதுதான் காரணம். இரண்டு பக்கமும் நைட்டுகளின் விடுதிகள். சபையில் பேசும் மொழியை, வந்த நாட்டை வைத்துப் பிரிவுகள்: பிரான்ஸ், புரோவென்ஸ், ஓவர்ன், இத்தாலி, ஸ்பெயின் பக்கத்துக்காரர்கள், ஜெர்மனி, இங்கிலாந்து. அந்தந்தப் பிரிவுக்கு ஒரு விடுதி, மதிலில் காவலுக்கு ஒரு பகுதி. பிரான்ஸ் விடுதியின் முகப்பில் வேலைப்பாடு அதிகம், சுவரில் பதித்த கேடயச் சின்னங்களை மட்டும் பார்த்தாலே நேரம் போவது தெரியாது. கடை ஒன்றுகூடக் கிடையாது அந்தத் தெருவில். தெருவின் அடிவாரத்தில் நைட்டுகளின் பழைய மருத்துவமனை, 15-ஆம் நூற்றாண்டுக் கட்டடம், இப்போது தொல்லியல் அருங்காட்சியகம். முற்றத்தில் ஒரு கல் சிங்கம் உட்கார்ந்திருக்கும். மாடியில் நீளமான நோயாளிக் கூடம். தலைமுடியை இரு கையாலும் பிரித்துப் பிடித்தபடி மண்டியிட்டிருக்கும் சின்ன அஃப்ரோடைட்டி சிலை அங்கேதான். அரண்மனையைக்கூட விடுங்கள், இதை விடாதீர்கள்.

நிழல்தேடி:
கிறுக்கன் சார், நீங்கள் சொல்கிற அந்தத் தெருவையும் இத்தாலிக்காரர்கள் சுரண்டிச் சுத்தம் செய்ததுதான். துருக்கியர் காலத்தில் விடுதிகளில் குடும்பங்கள் இருந்தன, மரத்தில் மாடம் கட்டித் தெருப்பக்கம் நீட்டியிருந்தார்கள். அதையெல்லாம் பிய்த்து எறிந்துவிட்டு "இதோ சுத்தமான இடைக்காலம்" என்று காட்டினார்கள். நானூறு வருஷத்து வாழ்க்கையைத் துடைத்துவிட்டு இருநூறு வருஷத்தை மட்டும் வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் என்ன?

கல்வெட்டுக்கிறுக்கன்:
அந்த வாதம் நியாயம்தான். இத்தாலிக்காரர்களுக்கு நைட்டுகளின் வாரிசு என்று தங்களைக் காட்டிக்கொள்ள வேண்டியிருந்தது, அதனால் எதை வைப்பது எதை எடுப்பது என்பதில் அரசியல் இருந்தது. ஆனால் துருக்கிய அடுக்கு முழுதாகப் போய்விடவில்லை, தெற்கே நடந்தால் தெரியும். சாக்ரடீஸ் தெருவின் மேல்முனையில் சுலைமானியே மசூதி, செங்காவி நிறத்தில். 1522-ஐ ஒட்டி முதலில் கட்டியது, 1808-இல் திரும்ப எடுத்துக் கட்டியது. எதிரிலேயே ஹாபிஸ் அகமது ஆகா நூலகம், 1793-இல் ஏற்படுத்தியது, அரபு, துருக்கி, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள் உள்ளே. சின்ன முற்றம், கூழாங்கல் பதித்த தரை. எத்தனை பேர் சோப்பு வாங்கிவிட்டு அதன் வாசலைக் கடந்து போகிறார்கள் என்று பாருங்கள்.

பிராங்க்பர்ட்காரர்:
வரலாற்றைக் கிறுக்கன் சார் பார்த்துக்கொள்ளட்டும், நான் நடைமுறைக்கு வருகிறேன். நாங்கள் இங்கே ஜெர்மனியிலிருந்து அடிக்கடி போகிற தீவு அது.

அக்டோபர் கடைசி நல்ல தேர்வு. வெயில் அடங்கியிருக்கும், கடலில் இன்னும் இறங்கலாம். கோடையில் மட்டும் போகவே போகாதீர்கள், மதில் கல்லெல்லாம் சூட்டைக் குடித்துவைத்து ராத்திரி முழுக்க உமிழும். ஆனால் அக்டோபர் முடிவோடு சீசன் முடிகிறது, நவம்பர் பிறந்தால் பாதிக் கடைகள் கதவை அடைக்கும், அருங்காட்சியகங்கள் குளிர்கால நேரத்துக்கு மாறும், பேருந்தும் குறையும். அதனால் மாதம் முடிவதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று, அக்டோபர் 28 அங்கே தேசிய விடுமுறை, ஓஹி நாள். 1940-இல் முசோலினியின் மிரட்டலுக்குக் கிரீஸ் முடியாது என்று சொன்ன நாள். அன்றைக்கு அரசு அருங்காட்சியகங்கள், தொல்லியல் இடங்களில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஊரில் மாணவர் அணிவகுப்பு இருக்கும். வேடிக்கை என்னவென்றால் 1940-இல் ரோட்ஸே இத்தாலியின் கையில் இருந்தது, முசோலினி பெயர் பொறித்த அரண்மனை வேலை அந்த வருஷம்தான் முடிந்தது.

கப்பல் கூட்டத்துக்கு வழி இருக்கிறது. அவர்கள் காலைச் சாப்பாடு முடித்து இறங்கி மாலைக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் உள்ளேயே தங்கினால் விடியற்காலையும் ராத்திரியும் ஊர் உங்களுக்கு. பகலில் கூட்டம் சாக்ரடீஸ் தெருவிலும் அரண்மனையைச் சுற்றியும்தான் மொய்க்கும். அந்த நேரத்தில் நீங்கள் அகழிக்குள் இறங்கிவிடுங்கள்.

ஊர்சுற்றி வள்ளி:
அகழிக்குள் இறங்குவதா? தண்ணீர் இருக்காதா? அம்மா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டே "முதலை இருக்குமா கேள்" என்கிறார்.

பிராங்க்பர்ட்காரர்:
ஹாஹா, முதலை கிடையாது, பூனைதான். ரோட்ஸ் அகழி எப்போதுமே வறண்ட அகழி, தண்ணீர் விட்டதில்லை. இப்போது அது புல்லும் மரமுமாக ஒரு பூங்கா மாதிரி. கட்டணம் இல்லை. அரண்மனைப் பக்கம் இறங்கினால் மதிலை ஒட்டியே தெற்கே வளைந்து, அகாண்டியா துறைமுகப் பக்கம் ஏறிவிடலாம். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. கிட்டத்தட்ட முழுக்கச் சமதளம், அம்மாவுக்கு இதைவிட நல்ல நடை கிடைக்காது. இரண்டு பக்கமும் சுவர், நடுவில் நீங்கள். மேலே ஊர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும், கீழே ஒன்றுமே கேட்காது. சரி, ஒரு எச்சரிக்கை, இருட்டியபின் விளக்கு குறைவு, பகலிலேயே போங்கள்.

கல்வெட்டுக்கிறுக்கன்:
அகழியைப் பற்றி நான் எழுதாமல் இருக்க முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே நடக்கும்போது புல்லில் உருண்டையான கற்கள் கிடக்கும், சில என் இடுப்பளவு கனம். பீரங்கிக் கல்குண்டுகள். முற்றுகையில் வந்து விழுந்தவை. 1480-இல் துருக்கிய சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அனுப்பிய படை ஊரைச் சூழ்ந்தது, யூதர் குடியிருப்பை ஒட்டிய மதிலை இடித்துக்கொண்டு ஏறியும் விட்டார்கள், அங்கே நடந்த கைகலப்பில் தலைமை நைட் பியேர் தொபுசோன் காயம்பட்டார், ஆனால் ஊர் விழவில்லை. அடுத்த வருஷமே நிலநடுக்கம். அதற்கப்புறம்தான் மதிலை வெறித்தனமாகப் பலப்படுத்தினார்கள். பீரங்கிக் காலம் வந்துவிட்டது, உயரமான சுவரால் பயன் இல்லை, கனமான சுவர் வேண்டும். சில இடங்களில் 12 மீட்டர் கனம்! அகழியை அகலமாக்கினார்கள், நடுவில் தீவு மாதிரி கொத்தளங்களை விட்டார்கள். நீங்கள் அகழியில் நடக்கும்போது இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடங்கள் வரும், அவைதான்.

மேற்கே தொம்புவாஸ் வாசல், 1512-இல் கட்டியது. உள்ளே போகிற வழி நேராகப் போகாது, வளைத்து வளைத்து ஒரு வாசலுக்குப் பின் இன்னொரு வாசல். உள்ளே நுழைந்தவனை எல்லாப் பக்கமிருந்தும் அடிக்கத் தோதாக. அதன்வழியாக ஒரு தடவையாவது வெளியிலிருந்து உள்ளே நடந்து பாருங்கள், எதிரிப் படைக்காரனாக உங்களை நினைத்துக்கொண்டு.

1522-இல் சுல்தான் சுலைமானே நேரில் வந்தார். கோடையில் தொடங்கி டிசம்பர்வரை முற்றுகை. இந்தமுறை பீரங்கியைவிடச் சுரங்கம்தான் வேலை செய்தது, மண்ணுக்கடியில் தோண்டிக்கொண்டு வந்து இங்கிலாந்துப் பிரிவு காத்த கொத்தளத்தின் அடியில் வெடி வைத்தார்கள். கடைசியில் சமாதானம் பேசி, 1523 ஜனவரி 1 அன்று நைட்டுகள் மரியாதையோடு கப்பல் ஏறினார்கள். பிற்பாடு 1530-இல் மால்டாவில் குடியேறியது இதே சபைதான்.

மதில்மேலும் நடக்கலாம், அரண்மனைப் பக்கத்திலிருந்து கொஸ்கினு வாசல்வரை ஒரு பகுதியைத் திறந்துவிடுவார்கள். தனிக் கட்டணம், சில நேரங்களில் மட்டும், அதனால் அரண்மனையில் கேட்டுக்கொண்டு போங்கள். மேலே கைப்பிடிச் சுவர் இல்லாத இடங்கள் உண்டு, தலைசுற்றல் இருப்பவர்கள் கீழேயே இருப்பது நல்லது.

கப்பல்காரன்:
வேலை நிமித்தமாக அந்தத் துறைமுகத்தில் இறங்கியிருக்கிறேன், எல்லோரும் கோட்டையையே பேசுகிறீர்களே, யூதர் தெருக்களை யாரும் சொல்லவில்லை?

ஹிப்போகிரட்டீஸ் சதுக்கத்திலிருந்து கிழக்கே நடந்தால் கடல்குதிரை நீரூற்று வைத்த ஒரு சதுக்கம். சுற்றிலும் மேஜை போட்டுப் பீர் விற்பார்கள். அந்த மரநிழலிலேயே ஒரு கறுப்புக் கல்தூண் நிற்கிறது, பல மொழிகளில் எழுதி. ரோட்ஸிலும் கோஸிலும் இருந்து கொண்டுபோய்க் கொல்லப்பட்ட 1,604 யூதர்களுக்கு. 1944 ஜூலை 23. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்து துருக்கியர் ஆட்சியில் குடியேறியவர்களின் வம்சம், லதீனோ என்று பழைய ஸ்பானிய மொழி பேசினவர்கள். போர் முடிய ஒரு வருஷம்கூட இல்லாதபோது, படகில் ஏற்றி ஏதென்ஸ், அங்கிருந்து ரயிலில் நாஜிகளின் கொலைமுகாமான ஆஷ்விட்ஸ். அப்போது ரோட்ஸில் துருக்கியின் கான்சலாக இருந்த செலாஹத்தின் உல்குமென் துருக்கியக் குடியுரிமை உள்ளவர்கள், அவர்கள் குடும்பத்தார் என்று வாதாடிச் சில பத்துப் பேரைக் காப்பாற்றினார்.

பக்கத்துச் சந்தில் கஹால் ஷாலோம் தொழுகைக்கூடம், 1577-இல் கட்டியது, கிரீஸில் இன்றும் வழிபாடு நடக்கிறவற்றில் மிகப் பழையது. தரை கறுப்பு வெள்ளைக் கூழாங்கல். பெண்கள் உட்கார்ந்த பழைய அறைகளில் சின்ன அருங்காட்சியகம், குடும்பப் படங்கள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். சனிக்கிழமை மூடியிருக்கும். சுற்றியுள்ள வீடுகளின் கதவுகளைப் பார்த்துக்கொண்டு நடங்கள்.

நிழல்தேடி:
கப்பல்காரன் சொன்னது முக்கியம். நான் போனபோது அந்தச் சதுக்கத்தில் காபி குடித்தேன், தூணைப் பார்க்கவேயில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துருக்கியர் வந்தபின் கிரேக்கர்கள் மதிலுக்குள் குடியிருக்கக் கூடாது, பகலில் வந்து வேலை பார்க்கலாம், பொழுது சாய்ந்தால் வெளியேற வேண்டும். அதனால் மதிலுக்கு வெளியே மராசியா என்று புறக்குடியிருப்புகள் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் தெற்கே அந்தப் பகுதிகளில் ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு தேவாலயம், அதைச் சுற்றித் தாழ்வான வீடுகள். நான் பழைய நகரத்தைவிட அங்கேதான் நன்றாக நடந்தேன். சாதாரண ஜனங்கள், ரொட்டிக்கடை, பள்ளிக்கூடம். கொஸ்கினு வாசல்வழியாக வெளியேறினால் நேரே அங்கேதான்.

ஊர்சுற்றி வள்ளி:
இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. அம்மா முழுசும் படித்துவிட்டு "அரை நாள் என்று எழுதினவன் யார்" என்று கேட்கிறார். கொலோசஸ் சிலை நின்ற இடம் நடந்து போகிற தூரம்தானே? அங்கே பார்க்க ஏதாவது இருக்கிறதா? அப்புறம் மோன்டே ஸ்மித் என்று ஒரு குன்று வரைபடத்தில் தெரிகிறது, ஏற்றம் எப்படி?

கப்பல்காரன்:
கொலோசஸ் ஒன்றும் இல்லை அக்கா. மான்ட்ராகி துறைமுக வாயிலில் இரண்டு தூண், மேலே வெண்கலத்தில் ஓர் ஆண்மான், ஒரு பெண்மான். அங்கேதான் இரண்டு காலையும் விரித்து நின்றது, கீழே கப்பல் போனது என்பார்கள், நம்பாதீர்கள், அப்படி ஒரு சிலை நிற்கவே முடியாது, எங்கே நின்றது என்பதிலேயே ஆய்வாளர்களுக்குள் சண்டை. கி.மு. 305-இல் முற்றுகையிட்டு முடியாமல் திரும்பிய டெமெட்ரியஸ் விட்டுப்போன போர்க்கருவிகளை விற்ற காசில், லிண்டோஸ்காரரான கேரஸ் வார்த்த சூரியதேவன் சிலை, 30 மீட்டருக்கு மேல் உயரம். கி.மு. 226 நிலநடுக்கத்தில் விழுந்தது. முழங்காலில் முறிந்து விழுந்தது என்று பழைய கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார், ஆக முழங்கால் வலி அந்த ஊருக்குப் புதிதல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆனால் மான்ட்ராகி கரையில் நடப்பது சுகம். ஒரு பக்கம் படகுகள், நீண்ட கற்கரையில் மூன்று பழைய காற்றாலைகள், முனையில் புனித நிக்கோலஸ் கோட்டையும் கலங்கரை விளக்கும். சமதளம். எதிர்ப்பக்கம் இத்தாலிக்காரர்கள் கட்டிய வெனிஸ் பாணி ஆளுநர் மாளிகை. 1856-இல் போன தேவாலயத்தின் ஜாடையில் அவர்களே கரையில் கட்டின தேவாலயமும் பக்கத்தில். அப்படியே வடக்கே போய்க்கொண்டிருந்தால் தீவின் முனை, ஒரு மீன் காட்சியகம், அதன்பின் மேற்குக் கரை, அங்கே காற்று ஆளைத் தள்ளும்.

முழங்கால்வலி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன், முழங்கால் பேச்சு வந்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு அறுபது தாண்டிவிட்டது.

மோன்டே ஸ்மித் ஏறலாம். உயரம் 111 மீட்டர்தான். பழைய நகரத்திலிருந்து அரை மணி, முக்கால் மணி, தார் ரோடு, ஏற்றம் மெல்ல மெல்ல வரும். படி இல்லை. முடியாவிட்டால் நகரப் பேருந்து போகிறது, பேருந்தில் மேலே போய் நடந்து இறங்குங்கள், நான் அப்படித்தான் செய்தேன். மேலே பழைய ரோட்ஸின் அக்ரோபொலிஸ், அதாவது கோயில்கள் இருந்த உச்சி மேடு. அப்போல்லோ கோயிலின் தூண்கள் சில, இத்தாலிக்காரர்கள் தூக்கி நிறுத்தியவை. கீழே ஒலிவ மரங்களுக்கு நடுவில் ஓட்டப்பந்தய மைதானம், கல் இருக்கை வரிசையோடு, பக்கத்தில் சின்ன அரங்கம். அரங்கத்தில் நீங்கள் பார்க்கிற வெள்ளைப் பளிங்கு கிட்டத்தட்ட முழுக்கப் புதுசு, நிழல்தேடிக்குப் பிடிக்காது. கட்டணம் இல்லை, வேலி இல்லை. உள்ளூர்க்காரர்கள் அந்தப் பழைய மைதானத்திலேயே மாலையில் ஓடிக்கொண்டிருந்தார்கள், அதைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடித்தது. மாலையில் போங்கள், குன்றின் மேற்கு விளிம்பில் கடலுக்கு அப்பால் துருக்கிக் கரை தெரியும்.

ரோதினி பூங்கா மறுபக்கம், மதிலிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர், லிண்டோஸ் சாலையில். அந்தச் சாலையில் நடப்பது சகிக்காது, வண்டிப்புகை. பேருந்தில் போங்கள். உள்ளே ஓடை, மரநிழல், மயில். ஓடையோடு நடந்து மேலேறினால் பாறையில் குடைந்த பெரிய கல்லறை, தாலமிகளின் (எகிப்தை ஆண்ட கிரேக்க அரச வம்சம்) கல்லறை என்று பேர், தாலமி யாரும் அங்கே புதைக்கப்படவில்லை. கூட்டமே இருக்காது.

கல்வெட்டுக்கிறுக்கன்:
ரோதினியைச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். ரோமர் காலத்தில் ரோட்ஸ் பேச்சுக்கலை படிக்க வருகிற ஊர். சிசரோ வந்து அப்போலோனியஸ் மோலோனிடம் படித்தார், ஜூலியஸ் சீசரும் அவரிடம் படிக்கத்தான் கப்பல் ஏறினார், வழியில் கடற்கொள்ளையரிடம் மாட்டினது தனிக்கதை. அந்தப் பள்ளி ரோதினியில் இருந்தது என்று வழிகாட்டிகள் சொல்வதற்கு ஆதாரம் கிடையாது. மயிலைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஊர்சுற்றி வள்ளி:
லிண்டோஸ் பற்றி? நிழல்தேடி அங்கேயே தங்கச் சொன்னார். பேருந்தில் போய்த் திரும்பினால் போதுமா?

நிழல்தேடி:
கார் இல்லை, அக்டோபர் கடைசி, அம்மா கூட வருகிறார் என்றால் நகரத்திலேயே தங்குங்கள். லிண்டோஸில் அந்த நேரத்தில் பல விடுதிகள் மூட ஆரம்பித்திருக்கும், ஊர் முழுக்கப் படியும் சரிவும் வேறு. நான் சொன்னது தனியாகப் போகிற ஆளுக்கு.

பேருந்து மான்ட்ராகிக்குப் பின்னால் கிழக்குக்கரைப் பேருந்து நிலையத்திலிருந்து. சுமார் 50 கிலோமீட்டர், ஒன்றரை மணி ஆகும். முதல் வண்டியில் போங்கள். ஊருக்கு மேலே சதுக்கத்தில் இறக்கிவிடுவான், அங்கிருந்து இறக்கம். அக்ரோபொலிஸுக்கு ஏறுவது படிதான், கொஞ்சம் அல்ல, நிறைய. நடுவில் கழுதைக்காரர்கள் கூப்பிடுவார்கள். தயவுசெய்து ஏறாதீர்கள், வழுக்குக் கல்லில் பாரம் ஏற்றி ஏற்றி அவற்றின் நிலைமையைப் பார்த்தால் நமக்கே மனசு கேட்காது.

ஏறுகிற வழியில் முதல் வாசலைத் தாண்டினதும் பாறையில் செதுக்கிய கப்பலின் பின்பகுதி, பித்தோகிரிட்டோஸ் என்ற சிற்பியின் வேலை, கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. முழங்கால் முடியாவிட்டால்கூட அதுவரை போகலாம். மேலே அதீனா கோயில். கீழே ஊருக்குள் கப்பல் தலைவர்களின் பழைய வீடுகள், கல்லில் கயிறு முறுக்கின மாதிரி வேலைப்பாடு செய்த வாசல்கள், முற்றமெல்லாம் கூழாங்கல் கோலம்.

நீங்கள் மட்டும் தனியாக நடக்க ஆசைப்பட்டால், விரிகுடாவின் எதிர்முனைக்கு ஒரு பாதை போகிறது. கிளியோபூலஸ் கல்லறை என்று ஒரு வட்டக் கல் கட்டடம், பழைய கிரேக்கத்தின் ஏழு ஞானிகளில் ஒருவரான அந்த லிண்டோஸ் ஆட்சியாளருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, அவருக்கு ரொம்பப் பிற்பட்டது. போக வர இரண்டு மணி வையுங்கள். மரமே இல்லை, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து திரும்பிப் பார்த்தால்தான் லிண்டோஸ் முழுதாகத் தெரியும், வெள்ளை வீடுகள், மேலே பாறை, அதன்மேல் மதில்.

சமையல்கட்டு:
யாருமே சாப்பாட்டைப் பற்றிப் பேசமாட்டீர்களா? அம்மா சைவமா?

ஊர்சுற்றி வள்ளி:
அம்மா சுத்த சைவம். நான் எல்லாம்.

சமையல்கட்டு:
அப்போ கவலையே இல்லை. பிதாரூதியா என்று கொண்டைக்கடலை வடை, தீவின் சொந்தப் பண்டம், புதினா, வெங்காயம், தக்காளி எல்லாம் போட்டுப் பொரிப்பார்கள், அம்மா ஒரு வாய் வைத்ததும் "இது நம்ம மசால்வடைக்குச் சித்தப்பா" என்பார். ஃபாவா என்று பருப்பு மசியல், யெமிஸ்டா என்று அரிசி அடைத்த தக்காளி, குடைமிளகாய் (கறி சேர்த்தும் செய்வார்கள், கேட்டு வாங்குங்கள்). மெலெகூனி என்று எள்ளும் தேனும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் சேர்த்த மிட்டாய், கல்யாணத்துக்குக் கொடுப்பது, பையில் போட்டுக்கொண்டு நடக்கத் தோது. சாக்ரடீஸ் தெருவில் மட்டும் உட்காராதீர்கள், படம் போட்ட மெனுவோடு வாசலில் நின்று கூப்பிடுகிற கடை எந்த ஊரிலும் ஒரே ருசிதான்.

ஊர்சுற்றி வள்ளி:
முடிவு செய்துவிட்டேன். எல்லா நாளும் பழைய நகரத்தில்தான், தெற்குப் பக்கம் யூதர் குடியிருப்புக்கு அருகே ஒரு சின்ன விடுதி பார்த்திருக்கிறேன். லிண்டோஸ் போய்த் திரும்புவது, மற்றதெல்லாம் நடை. 28-ஆம் தேதி அருங்காட்சியகம். கடைசியாக ஒன்று, பெட்டி உருட்டிக்கொண்டு உள்ளே போக முடியுமா? டாக்ஸி வருமா? செருப்பா, ஷூவா?

முழங்கால்வலி:
ஷூ, அதுவும் அடிப்பாகம் கனமாக. அந்தக் கூழாங்கற்களைக் குத்துவாட்டில் நட்டு வைத்திருக்கிறார்கள், மெல்லிய செருப்பில் நடந்தால் சாயங்காலம் பாதம் பேசும். மழை பெய்தால் வழுக்கும், அம்மாவுக்கு மடக்குக் கைத்தடி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிராங்க்பர்ட்காரர்:
பெட்டிச் சக்கரம் அந்தத் தரையில் பிழைக்காது, ராத்திரியில் உருட்டினால் தெருவே எழுந்துவிடும். முதுகில் மாட்டுகிற பையாக எடுத்துக்கொள்ளுங்கள். டாக்ஸி உள்ளே எல்லா இடத்துக்கும் வராது, மதில் வாசலில்தான் பெரும்பாலும் இறக்கிவிடுவார்கள், வாசலோ நிறைய, தப்பான வாசலில் இறங்கினால் சந்துகளில் பெட்டியோடு அலைய வேண்டியதுதான். விடுதிக்காரரிடம் எந்த வாசல் பக்கம் என்று முதலிலேயே எழுதிக் கேளுங்கள். நீங்கள் சொல்கிற பகுதி என்றால் அகாண்டியா வாசலாகவோ கொஸ்கினு வாசலாகவோ இருக்கும். அந்தப் பெயரைக் கிரேக்க எழுத்தில் போனில் வைத்துக்கொண்டு டிரைவரிடம் காட்டிவிடுங்கள்.

ஊர்சுற்றி வள்ளி:
கேட்டு எழுதியாச்சு, அகாண்டியா வாசல் என்று பதில் வந்துவிட்டது. வாசலுக்கே ஆள் அனுப்பிப் பெட்டியைத் தூக்கிக்கொள்கிறார்களாம்.